அம்பத்தூருக்கு எந்த அணி?

2016இல் திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று ஒரு கிரிக்கெட் அணி பிறந்தது. தமிழ்நாடு பிரீமியர் லீக்கின் முதல் பருவத்தில் களமிறங்கிய எட்டு அணிகளில் ஒன்றான விபி திருவள்ளூர் வீரன்ஸ்தான் அது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தன. ஆட்டங்களோ சேப்பாக்கத்திலும் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும் நடந்தன. எந்த மாவட்டத்தின் பெயரைச் சட்டையில் போட்டிருந்தார்களோ அந்த மாவட்டத்தில் ஓர் ஆட்டம்கூட இல்லை. இரண்டு பருவம் முடிந்ததும் 2018இல் அது காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. பிறகு அந்த இடம் நெல்லைக்குப் போய் ராயல் கிங்ஸ் என்றானது. எங்கள் அணியை எங்கே கொண்டுபோனீர்கள் என்று ஆவடி மார்க்கெட்டில் யாரும் மறியல் செய்ததாக நான் கேள்விப்படவில்லை.

அதே 2018 ஏப்ரலில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காவிரிப் போராட்டத்தின் காரணமாகச் சென்னை சூப்பர் கிங்ஸின் உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. விசில்போடு எக்ஸ்பிரஸ் என்ற பெயரில் சிறப்பு ரயில் ஓடியது. மஞ்சள் சட்டை போட்ட கூட்டம் சென்ட்ரலில் ஏறிப் புனேவில் இறங்கியது. சொந்த மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அணி போனது தெரியாது. நகரத்தின் பெயரைத் தாங்கிய அணிக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். இரண்டிலும் ஆட்டம் இருபது ஓவர்தான், உடைமையாளர்கள் முதலாளிகள்தாம். ஆட்டத்தின் தரத்தைக் கொண்டு மட்டும் இந்த வேறுபாட்டை விளக்க முடியுமா?

எந்த விளையாட்டு உயர்ந்தது, எந்த அணி யாருக்குப் பகை என்ற வாக்குவாதத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள். அமெரிக்கர்கள் பேஸ்பாலா ஹாக்கியா என்பார்கள். நாம் கிரிக்கெட்டா ஹாக்கியா என்போம். இரண்டும் ஒரே வழக்குதான். ஒருபுறம் மட்டையும் பந்தும் கொண்டு, கடிகாரம் இல்லாமல், முறை வைத்து ஆடும் ஆட்டம். மறுபுறம் வளைந்த கோலோடு, கடிகாரத்தை எதிர்த்து, இடைவிடாமல் ஓடும் ஆட்டம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பேஸ்பால், கிரிக்கெட், ஹாக்கி மூன்றும் ஒரே அட்டவணையில் வருகின்றன. அதற்குள் இந்த வழக்கைக் கொஞ்சம் விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த வாதம் நடக்கும் விதம் எனக்குப் பழக்கமானது. தொழிற்சாலையில் ஓய்வுபெற்றவர் ஹாக்கிப் பக்கம். அவர் மகனுக்கோ பேரனுக்கோ கிரிக்கெட் தவிர வேறில்லை. "தம்பி, எட்டுத் தங்கம்!" என்பார் பெரியவர். "யார்கூட ஆடி ஜெயிச்சதுண்ணா அது?" என்பான் எதிர்வீட்டுப் பையன். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 1928, 1932, 1936, 1948, 1952, 1956, 1964, 1980 என்று எட்டு ஒலிம்பிக் தங்கங்கள் இந்திய ஹாக்கிக்கு உண்டு. ஆடவர் பிரிவில் வேறு எந்த நாட்டுக்கும் அத்தனை இல்லை. ஆனால் 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஆடியவை மூன்றே அணிகள். அங்கே அமெரிக்காவை இந்தியா 24–1 என்று அடித்தது. 1980 மாஸ்கோவில் பல நாடுகள் புறக்கணித்ததால் ஆடவர் பிரிவில் ஆறு அணிகள்தாம். அந்தத் தங்கத்தை ஸ்பெயினுக்கு எதிராக 4–3 என்று வென்ற அணியின் தலைவர் நம்மூர் வாசுதேவன் பாஸ்கரன் என்பதால் பெரியவருக்கு இந்தக் குறுக்குக் கேள்வி இன்னும் கூடுதலாகச் சுடும். அவர் திருப்பி அடிக்கவும் வழி இருக்கிறது. கிரிக்கெட்டில் டெஸ்ட் ஆடும் உரிமை பெற்ற நாடுகள் பன்னிரண்டுதானே, அதில் உலகக் கோப்பை வாங்கினால் உலகமே நம் காலடியா?

தர அடிப்படையிலான வாதம் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வரும். ஹாக்கியில் வேகம் இருக்கிறது, எழுபது கெஜ ஓட்டத்தில் பந்து கோலை விட்டு விலகாத கைவித்தை இருக்கிறது. கிரிக்கெட்டில் பொறுமை இருக்கிறது, ஆடுகளமும் வானிலையும் நாலு மணி வெயிலும் ஆட்டத்துக்குள் வந்து விளையாடுகின்றன. ஹாக்கிக்காரர் கிரிக்கெட்டைச் சோம்பேறி ஆட்டம் என்பார். கிரிக்கெட்காரர் ஹாக்கியில் விசில் சத்தம்தான் அதிகம், எதற்கு ஊதினான் என்றே தெரியவில்லை என்பார். என் சொந்தத் தீர்ப்பு: நேரில் பார்க்க ஹாக்கிதான் உயர்ந்தது. எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் பெனால்டி கார்னர் எடுக்கும்போது பந்து பலகையில் மோதும் ஓசைக்கு ஈடாகச் சேப்பாக்கத்தில் எதையும் சொல்ல முடியாது. தொலைக்காட்சியில் மட்டும் கணக்கு தலைகீழாகிறது. ஆனால் தரம்தான் ரசிகனைத் தீர்மானிக்கிறது என்றால் எழும்பூர் அரங்கு ஆண்டு முழுக்க நிரம்பியிருக்க வேண்டும்.

அங்கே ஆட்டங்களுக்குப் பஞ்சமும் இல்லை. 1996இலும் 2005இலும் சாம்பியன்ஸ் கோப்பை அங்கே நடந்தது. 2007 ஆசியக் கோப்பை இறுதியில் தென் கொரியாவை இந்தியா 7–2 என்று நொறுக்கியது. 2023 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் பாகிஸ்தானை 4–0 என்று வென்று, இறுதியில் மலேசியாவை 4–3 என்று மடக்கியது. 2025 டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை வெண்கல ஆட்டத்தில் அர்ஜென்டினாவிடம் 0–2 என்று பின்தங்கி, கடைசிக் கால் பகுதியில் நான்கு கோல் போட்டு ஜெயித்தது. இத்தகைய முடிவு சேப்பாக்கத்தில் நடந்திருந்தால் பத்து வருடம் அதையே பேசியிருப்போம். இந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் வந்தது, ஆரவாரமும் இருந்தது. மறுவாரம் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு இல்லை.

ஏன் இல்லை என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. முதலாவது செயற்கைப் புல்தரை. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. முந்தைய ஆண்டுதான் கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2–1 என்று வென்று உலகக் கோப்பை வாங்கிய இந்தியா, மான்ட்ரியலில் ஏழாவது இடத்துக்குப் போனது. 1928க்குப் பிறகு பதக்கமில்லாத முதல் ஒலிம்பிக் அது. புல்லில் பந்தை நிறுத்தி வளைத்து ஆடியவர்களின் கலைக்கு, வழுக்கிப் பறக்கும் தரையில் மதிப்புக் குறைந்தது. ஓட்டமும் உடல் வலுவும் மேலே வந்தன. இந்தத் தரைக்கு ஆகும் செலவில் பத்துப் பள்ளி மைதானங்களைச் சீர்செய்யலாம் என்பதும் சரியான குற்றச்சாட்டு. இரண்டாவது காரணம் தொலைக்காட்சி. 1982 ஆசிய விளையாட்டை ஒட்டித்தான் வண்ண ஒளிபரப்பு வந்தது. அதில் ஹாக்கி ரசிகன் கண்டது, டெல்லி இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானிடம் 1–7 என்று இந்தியா தோற்றதை. ஏழு மாதத்துக்குள், 1983 ஜூன் 25 அன்று, லார்ட்ஸ் மாடத்தில் கபில்தேவ் கோப்பையைத் தூக்கினார். அவமானமும் பெருமையும் ஒரே பெட்டியில், அடுத்தடுத்து வந்து சேர்ந்தன.

இவையெல்லாம் இந்திய அளவில் பொருந்தும். பஞ்சாபிலும் ஒடிசாவின் சுந்தர்கரிலும் அதே தரை, அதே 1–7, அதே 1983தான். அங்கே ஹாக்கி சாகவில்லையே! எனவே சென்னைக்கென்று தனியாக ஒரு விளக்கம் வேண்டும். அதைத் தேட, இந்த நகரத்தில் பகை எப்படி உருவானது என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சென்னையின் முதல் விளையாட்டுப் பகை நிறம் சார்ந்தது. 1846இல் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் வெள்ளையர்களுடையது. அங்கே இந்தியருக்கு மரியாதை இல்லை என்று கண்ட புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அவர் மறைவுக்குப் பிறகு, 1915–16 பருவத்திலிருந்து ஐரோப்பியர்க்கும் இந்தியர்க்கும் இடையே ராஜதானி ஆட்டம் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. பொங்கல் விடுமுறையை ஒட்டி நடந்ததால் பொங்கல் மேட்ச் என்றே பெயர். எந்தப் பக்கம் கைதட்டுவது என்று ரசிகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வடசென்னைக் குத்துச்சண்டை இன்னொரு வகை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று ஆசான் வழியில் பிரிந்து, பேட்டை பேட்டையாக ஆதரவு திரண்டது. ஒரு பரம்பரையில் பிறந்தவன் மறு பரம்பரைக்காரனின் குத்து அழகாக இருக்கிறது என்று கட்சி மாற மாட்டான். கவனிக்க வேண்டியது இதைத்தான்: பகை முதலில் வந்தது, விளையாட்டின் தரம் பற்றிய பேச்சு அதற்குள்ளேதான் நடந்தது.

ஹாக்கிக்கு வருவோம். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பே 1901இல் ஹாக்கிப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. அதுதான் இன்று எம்சிசி–முருகப்பா தங்கக் கோப்பை என்று அகில இந்திய அளவில் நடப்பது. கிரிக்கெட் என்று பெயர் வைத்த கிளப் ஹாக்கிக் கோப்பை நடத்துகிறது. புரவலர்களான முருகப்பா குழுமமோ நம் பகுதியின் தொழில் வரலாற்றோடு ஒட்டியவர்கள். 1949இல் அம்பத்தூரில் டிஐ சைக்கிள் தொழிற்சாலை, 1950களில் ஆவடியில் டியூப் தொழிற்சாலை என்று அவர்கள் கட்டியதைச் சுற்றித்தான் பாதி ஊர் வளர்ந்தது. தேசிய சாம்பியன்ஷிப்புக்குப் பல காலம் தரப்பட்ட ரங்கசாமி கோப்பையும் சென்னையின் தி ஹிந்து குழுமம் கொடுத்ததுதான். ஆக, ஹாக்கிக்குச் சென்னை அந்நிய ஊர் அல்ல. பீட்டர், பிலிப்ஸ் என்று ஒரே வீட்டிலிருந்து இரண்டு ஒலிம்பிக் வீரர்கள் இங்கே உண்டு.

ஆனால் சென்னை லீக்கில் ஆடிய அணிகளின் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். இந்தியன் வங்கி, ஐஓபி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, ஏஜி ஆபீஸ், வருமான வரித்துறை, தமிழ்நாடு போலீஸ். தங்கக் கோப்பைக்கு வெளியிலிருந்து வருவோர் ரயில்வே, ராணுவம், கடற்படை, இந்தியன் ஆயில். இதில் ஊர் எங்கே இருக்கிறது? வருமான வரித்துறை ஏஜி ஆபீஸைத் தோற்கடித்தால் சந்தோஷப்பட வேண்டியவர் யார்? வருமான வரித்துறை ஊழியர், அவர் குடும்பம், அவ்வளவுதான். பெரம்பூரில் ஐசிஎஃப் குடியிருப்பில் இருந்தவனுக்கு ஐசிஎஃப் அணி தன் அணி. அப்பா ஓய்வுபெற்றுக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து திருமுல்லைவாயிலில் மனை வாங்கிக் குடியேறியதும் அந்த உறவு அறுந்தது. அலுவலக அணி வீரனுக்குச் சோறு போட்டது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை என்ற ஒன்று இல்லாவிட்டால் எழுபதுகளின் ஏழை வீரர்கள் பாதிப்பேர் இருபது வயதில் கோலைப் பரணில் போட்டிருப்பார்கள். ஆனால் அது ரசிகனை உண்டாக்கவில்லை. வீரனுக்கு வேலை கொடுத்த ஏற்பாடே ரசிகனுக்கு வேலை இல்லாமல் செய்துவிட்டது.

மேற்குப் புறநகர் இதற்குச் சரியான சான்று. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சிஆர்பிஎஃப். அம்பத்தூரில் 1964இல் வந்த தொழிற்பேட்டை. பாடியில் டிவிஎஸ் வகையறா ஆலைகள். மைதானம் இருந்தது ஆலைக் காம்பவுண்டுக்குள். வாயிலில் காவலர் நிற்பார். உள்ளே ஆடுபவர் ஊர்க்காரர் என்பதைவிடத் தொழிலாளி என்பதே அடையாளம். 1991க்குப் பிறகு பொதுத்துறையில் ஆள் எடுப்பது குறையக் குறைய அணிகளும் மெலிந்தன. 2021 அக்டோபரில் படைத்தளவாட வாரியமே கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது ஆவடி ஆலைகளின் மேல்பெயரும் மாறிப்போனது. ஊரின் எல்லையும் நிலையாக இல்லை. அம்பத்தூர் நகராட்சி 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, தாலுகா 2018இல் திருவள்ளூரிலிருந்து சென்னை மாவட்டத்துக்கு வந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. பூந்தமல்லி இன்னும் நகராட்சி. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று ஊர்கள், மூன்று நிர்வாகங்கள்; மூன்றுக்கும் சேர்த்து விசிலடிக்க ஓர் அணிதான் இருக்கிறது, அது சேப்பாக்கத்தில் ஆடுகிறது.

இங்கே ஒருவர் எதிர்க்கேள்வி கேட்கலாம். கிரிக்கெட் மட்டும் என்ன வாழ்ந்தது? சென்னை முதல் டிவிஷனில் ஜாலி ரோவர்ஸ், இந்தியா பிஸ்டன்ஸ், கெம்பிளாஸ்ட் என்று அங்கேயும் கம்பெனி அணிகள்தானே? நியாயமான கேள்வி. பதில் லீக்கில் இல்லை, தெருவில் இருக்கிறது.

தெருக் கிரிக்கெட்டுக்கு ஒரு மட்டை போதும், இருபது பேர் ஆடலாம். சுவரில் கரிக்கோடு கிழித்தால் ஸ்டம்ப். மாடிக்குப் போனால் அவுட், ஆட்கள் குறைந்தால் ஒரு காமன் பேட்ஸ்மேன், முதல் பந்து ட்ரையல், காஜி கிடைக்காவிட்டால் சண்டை, கையை மடக்கி எறிந்தால் மாங்கா என்று கத்தல். சட்டம் ஒவ்வொரு தெருவிலும் அந்தத் தெருவுக்கென்று எழுதப்பட்டது. ஹாக்கிக்கு ஆளுக்கொரு ஸ்டிக் வேண்டும், சமமான தரை வேண்டும். கோலின் தட்டைப் பக்கம் ஒன்றுதான் என்பதால் இடக்கைக்காரனுக்கும் வலக்கை ஆட்டம்தான். தெருவில் கோலை வீசினால் முட்டி பெயரும். ஆட்டத்தின் தரத்தைப் பற்றிய விவாதத்தில் இந்த விஷயத்தை யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் எனக்கு இதுதான் மிகப் பெரிய தரமாகத் தெரிகிறது: எவ்வளவு கெடுத்தாலும் கெடாத ஆட்டம் கிரிக்கெட். கபடி அதைவிட ஒருபடி மேல். அதற்கு மட்டைகூட வேண்டாம்.

அந்தத் தெரு ஆட்டத்திலிருந்துதான் ஏரியா டீம் வந்தது. கொரட்டூர்ப் பையன்கள் பட்டரவாக்கத்தோடு பெட் மேட்ச் போடுவார்கள். பந்தயம் பணமாக இருக்கும், சில சமயம் புதுப் பந்து. தோற்றவன் மறுவாரம் மறு ஆட்டம் கேட்பான். லீக் அட்டவணைக்கு வெளியே, எந்தச் சங்கத்திலும் பதியாமல், ஊர் ஊருக்கான பகை டென்னிஸ் பந்தில் வளர்ந்துகொண்டிருந்தது. 2008இல் ஐபிஎல் வந்து சென்னை என்ற பெயரை ஒரு சட்டையில் அச்சடித்ததும், அத்தனை ஆண்டு சேர்ந்திருந்த தெருப்பகை முழுவதும் ஏறிக்கொள்ள ஒரு வண்டி கிடைத்தது. ஹாக்கியில் அதற்கு மூன்றாண்டு முன்பே பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் அணி வந்தது. 2012இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் வந்தது. பெயர்ப்பலகை இருந்தது, கீழே தெரு இல்லை. இரண்டு லீக்குகளும் மறைந்தன.

தெருப்பகையும் ஊர்ப்பெயரும் மட்டும் போதாது என்பதற்கு இன்னொரு சான்று கையில் இருக்கிறது, அது என் வாதத்தை ஓரளவு இடிக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் ஒரு கிரிக்கெட் பகை உண்டு. 2019இல் விஜய் ஹசாரே இறுதி, சையது முஷ்டாக் அலி இறுதி இரண்டிலும் கர்நாடகம் நம்மைத் தோற்கடித்தது, இரண்டாவதில் ஒரே ஒரு ரன்னில். 2021 நவம்பர் 22 அன்று மறுபடி அதே இறுதி. கடைசிப் பந்தில் சிக்ஸர் அடித்து நம் அணியின் ஷாருக் கான் பழிதீர்த்தார். இதைவிட நல்ல கதையை யாரும் எழுத முடியாது. எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? அதே இரண்டு மாநிலங்கள் மஞ்சளும் சிவப்புமாக வேடம் மாற்றிக்கொண்டு மோதினால் நாடே பார்க்கிறது. 2024 மே 18 அன்று பெங்களூருவில் 27 ரன்னில் தோற்று பிளேஆஃப் வாய்ப்பை இழந்ததைச் சென்னை ரசிகன் மறக்கவில்லை. 2025 மார்ச்சில் சேப்பாக்கத்திலேயே, 2008க்குப் பிறகு முதன்முறையாக, ஆர்சிபி ஜெயித்ததையும் மறக்கவில்லை. அந்தப் பருவத்தில் ஆர்சிபி கோப்பை வாங்க, சென்னை கடைசி இடத்தில் நின்றது. மும்பைக்கும் நமக்கும் ஆளுக்கு ஐந்து கோப்பை என்பதால் அந்த வழக்கு ஒருபோதும் தீராது. பகைக்கு ஊர்ப்பெயரோடு கூட, ஆண்டுதோறும் தவறாமல் சந்திக்கும் தேதியும் எல்லா வீட்டிலும் தெரியும் திரையும் வேண்டியிருக்கின்றன.

வாதத்துக்குத் தீனியும் வேண்டும். இந்த இடத்தில் பேஸ்பால் நமக்கு ஒன்றைச் சொல்லித்தருகிறது. அந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டவணையை வடிவமைத்த ஹென்றி சாட்விக் இங்கிலாந்தில் பிறந்து நியூயார்க்கில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். கிரிக்கெட் ஸ்கோர் எழுதிய கைதான் பேஸ்பாலுக்கும் கணக்கு எழுதியது. இரண்டு ஆட்டங்களிலும் ஒவ்வொரு பந்தும் தனி நிகழ்ச்சி. அதற்கு ஓர் ஆசாமி பொறுப்பு, அதை எண்ணில் எழுதலாம். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் பேச நேரமும் இருக்கிறது. சச்சினா லாராவா, தோனியா கோலியா என்று இரவு முழுக்கச் சண்டை போட எண்கள் காத்திருக்கின்றன. ஹாக்கியில் கோல் எண்ணிக்கை தவிர என்ன இருக்கிறது? நடுக்கள வீரன் ஐம்பது நிமிடம் உழைத்தது எந்தக் கட்டத்திலும் பதிவாவதில்லை. பார்த்தவன் நினைவில்தான் அது இருக்கும். பார்க்காதவனோடு வாதாட வழியில்லை. ஹாக்கி பார்ப்பதற்கான ஆட்டம், கிரிக்கெட்டும் பேஸ்பாலும் பேசுவதற்கான ஆட்டங்கள். தமிழனுக்கு எது பிடிக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அசல் பேஸ்பால்–ஹாக்கி வழக்கு தமிழில் நடக்கும் ஊர் ஒன்று இருக்கிறது, டொராண்டோ. அங்கே ஹாக்கி என்றால் பனித்தரையில் ஆடுவது. ஸ்கார்பரோவில் குடியேறிய ஈழத்தமிழர்களில் பெரும்பாலோர் 1983க்குப் பிறகு போனவர்கள். அந்த ஊர் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் கடைசியாக ஸ்டான்லி கோப்பை வென்றது 1967இல், அதை அவர்கள் யாரும் பார்க்கவில்லை. பேஸ்பால் அணியான புளூ ஜேஸ் 1992இலும் 1993இலும் உலகத் தொடரை வென்றதை வந்த புதிதில் பார்த்தார்கள். 2025 நவம்பர் 1 அன்று ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில், டாட்ஜர்ஸிடம் 5–4 என்று தோற்றபோது அந்தத் துக்கத்தில் தமிழ்வீடுகளும் சேர்ந்துகொண்டன. கிரிக்கெட்டில் வளர்ந்தவனுக்குப் பேஸ்பால் புரிய ஒரு மாலை போதும். பனித்தரை ஹாக்கி அவன் பிள்ளைக்குத்தான் பிடிபடும். ஆனால் லீஃப்ஸ் அறுபது வருடமாகத் தோற்றாலும் அரங்கு நிரம்புகிறது. வெற்றிதான் ரசிகனைக் கொண்டுவருகிறது என்ற வாதம் அங்கே செல்லாது. அணி ஊருடையது என்றால் தோல்வியும் ஊருடையதாகிறது.

நம்மூரில் பேஸ்பால் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மாநிலச் சங்கம் உண்டு, பள்ளிப் போட்டிகளில் இடம் உண்டு. ஆனால் ஆடுகிறவர்களில் பலர் கண் வைப்பது சான்றிதழ் மீது. 2008இல் ஒரு போட்டியில் கண்டெடுக்கப்பட்டு அமெரிக்கப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ஒப்பந்தம் பெற்ற ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும்கூட முதலில் ஈட்டி எறிந்தவர்கள்தாம். இங்கே பேஸ்பாலுக்கு ரசிகர் என்று ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த ஆட்டமும் தன் இயல்போடு இருக்க விடப்படவில்லை. கடிகாரமே இல்லாத பேஸ்பால் 2023இல் பந்தெறிபவனுக்கு நொடிகள் வைத்தது. சராசரி ஆட்ட நேரம் மூன்று மணிக்கு மேலிருந்து 2 மணி 40 நிமிடத்துக்கு இறங்கியது. கிரிக்கெட் ஓவர்களுக்கு நடுவே 60 நொடி வரம்பு கொண்டுவந்தது. ஓடிக்கொண்டே இருந்த ஹாக்கி மட்டும் எதிர்த்திசையில் போனது. ஆஃப்சைடை 1990களில் எடுத்து வேகத்தைக் கூட்டியவர்கள், 2014இல் இரண்டு பாதியை நான்கு கால் பகுதிகளாக உடைத்தார்கள். எல்லாம் விளம்பரத்துக்காக. தரம் என்று நாம் தலைமுறை தலைமுறையாக வாதாடுவது ஒளிபரப்பாளரின் மேசையில் ஒரு பிற்பகலில் மாறிவிடக்கூடியது.

ரசிகச் சண்டையை வேடிக்கையாக மட்டும் எழுதிவிட்டுப் போகவும் முடியாது. சினிமாவில் எம்ஜிஆர்–சிவாஜி தொடங்கி விஜய்–அஜித் வரை இருமுனைப் பகையில் பழகிய நமக்குக் கிரிக்கெட்டும் அதே அச்சில் வந்து விழுந்தது. தல என்ற பட்டம்கூட அஜித்திடமிருந்து தோனிக்குப் போனது. என்னை இனி அப்படி அழைக்க வேண்டாம் என்று 2021 டிசம்பரில் அஜித் அறிக்கை விட்டார். இதெல்லாம் சிரிப்பு. ஆனால் 2022 அக்டோபரில் அரியலூர் மாவட்டத்தில், கோலி பெரியவரா ரோகித் பெரியவரா என்று குடித்துவிட்டு நடந்த வாக்குவாதம் ஒரு நண்பன் மற்றவனைக் கொன்றதில் முடிந்தது. இருவரும் ஒரே நாட்டு அணியின் வீரர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அணிப்பகை ஆள்பகையாகச் சுருங்கும்போது அதில் ஊருக்கு இடமில்லாமல் போகிறது. 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் 12 ரன்னில் வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய கூட்டத்துக்கு அன்று தான் யார் என்று தெரிந்திருந்தது: சென்னைக் கூட்டம். அந்த அடையாளம் இருந்ததால் தோற்கவும் முடிந்தது.

ஹாக்கிக்கு அந்த அடையாளம் கிடைத்த ஊர் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு, கோவில்பட்டி. தீப்பெட்டியும் கடலைமிட்டாயும் செய்யும் ஊர் ஹாக்கிப்பட்டி என்று பெயர் வாங்கியது செயற்கைத் தரை வருவதற்கு வெகு முன்பே. மண் தரையில், சுற்றுக் கிராமங்களின் கிளப்புகள் ஒன்றோடொன்று மோதி வளர்ந்தன. இலட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கு வெளியூர் அணிகள் வரும்போது வேடிக்கை பார்க்க ஊரே போகிறது. 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய மாரீஸ்வரனும் கார்த்தி செல்வமும் இந்தப் பட்டறையில் தேறியவர்கள். அங்கேயும் 1983 நடந்தது, அங்கேயும் தொலைக்காட்சி இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே ஹாக்கி அணி கிராமத்துடையது. இங்கே அது கம்பெனியுடையது.

இப்போது தமிழ்நாடு டிராகன்ஸ் வந்திருக்கிறது. புத்துயிர் பெற்ற ஹாக்கி இந்தியா லீக்கின் 2024–25 பருவத்தில் அவர்கள் தமிழ்நாட்டில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை; எல்லாம் ரூர்கேலாவிலும் ராஞ்சியிலும்தான். திருவள்ளூர் வீரன்ஸுக்கு நடந்த அதே தவறு, இன்னும் பெரிய அளவில். ஒரு மாநிலத்தின் பெயரை முழுதாக எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்கும் போகாமல் இருப்பது ரசிகனைச் சேர்க்கும் வழி அல்ல. என்னைக் கேட்டால் வேறொன்று செய்வேன். சென்னைக்கும் கோவில்பட்டிக்கும் ஆண்டுக்கு இரண்டு ஆட்டம், ஒன்று எழும்பூரில், ஒன்று அங்கே, பொங்கலை ஒட்டி, அலுவலகப் பெயர் எதுவும் சட்டையில் இல்லாமல். சென்னை அணிக்கு ஆள் எடுக்கும் சோதனையை எழும்பூரில் வைக்காமல் ஆவடியில் வைக்க வேண்டும். முதல் ஐந்து வருடம் கோவில்பட்டிதான் ஜெயிக்கும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது; ஆறாவது வருடம் அரக்கோணம் லோக்கலில் அதைப் பற்றி இரண்டு பேர் கட்டிப்புரண்டு வாதாடினால் திட்டம் பலித்ததென்று எடுத்துக்கொள்ளலாம்.